பிறந்த வீட்டுச் சேலை

குமராட்சி மினிபஸ்ஸின் காலை நடை முடிந்து, மணவாளன் வண்டியைச் சிதம்பரம் பேருந்து நிலையத்து மதிலோரம் நிறுத்தியபோது கைப்பேசி அடித்தது. பெயர் இல்லாத எண்.

"மாமா, எழிலன் பேசறேன்."

"எந்த எழிலன்?"

"திட்டக்குடி எழிலன், மாமா. அம்மா தவறிட்டாங்க. சக்கரை ஜாஸ்தியாயி ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். இன்னிக்கி சாயங்காலம் எடுக்கறதா இருக்கோம். நீங்க வந்தாத்தான்."

வரேன் என்று சொல்லி மணவாளன் போனை வைத்தார். வண்டியை நிறுத்தியாகிவிட்டது என்பதை மறந்து சாவியை இன்னொரு முறை திருகினார். பின்னால் பயணிகளை இறக்கிவிட்டு வந்த கண்டக்டர் அன்பரசுவிடம், "தங்கச்சி பூட்டா" என்றார்.

அன்பரசு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிறார்கள். அவன் பெண் ஜான்சிக்குக் காய்ச்சல் வந்தது முதல் அவன் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது வரை மணவாளனுக்குத் தெரியும். மணவாளனுக்கு ஒரு தங்கை இருப்பது அன்பரசுவுக்குத் தெரியாது.

அப்படி ஒரு மனிதர் மணவாளன். ஐம்பத்து நான்கு வயது. கொள்ளிடக் கரையோரம் அப்பா விட்டுப்போன நிலம் கொஞ்சம் இருந்தது. ஒரு வெள்ளத்தில் அதன்மேல் ஆள் உயரத்துக்கு மணல் ஏறிவிட்டது. அதை எடுக்கிற செலவுக்கு நிலமே பெறாது என்று விட்டுவிட்டு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரிக்குக் கிளீனராகப் போய், அங்கேயே ஓட்டப் பழகி, மினிபஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார். நடவுக்குப் போகும் பெண்கள் கைகாட்டாமலே நிறுத்துவார். உர மூட்டை ஏற்றினால் முகம் சுளிக்கமாட்டார். யாராவது வண்டிக்குள் சண்டை போட்டால் கண்ணாடியில் ஒரு தரம் பார்ப்பார், அவ்வளவுதான். அவருக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் இல்லை. அவர் சிரித்தும் பார்த்ததில்லை என்று பள்ளிக்கூடப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தங்கை விருத்தாம்பாள் செத்துப்போனாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். விருத்தாசலத்தில் ரயில் நிற்கும் என்று சொல்வது போல் இருந்தது.

செய்ய வேண்டியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கோடி எடுக்க வேண்டும். ஒரு பெண் எந்த ஊரில் வாழ்ந்து செத்தாலும் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்தாக வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைத் தட்டில் வைத்து, தெருமுனையிலிருந்து மேளத்தோடு நடந்துபோய், அவள் மேல் போர்த்த வேண்டும். அதுவரை எடுக்கமாட்டார்கள். மாற்று டிரைவருக்குச் சொல்லிவிட்டு, அன்பரசுவையும் கூட்டிக்கொண்டு தேர் ஓடும் வீதியில் இருக்கும் துணிக்கடைக்குப் போனார்.

கடையிலிருந்த பெண் விவரம் தெரிந்தவள். கோடி என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"பூவும் பொட்டுமா போனாங்களாண்ணே?"

மணவாளன் வாயைத் திறந்து மூடினார். புருஷன் இருக்கும்போது போனவளுக்குச் சிவப்பு; இல்லாதவளுக்கு வெள்ளை. மச்சான் செந்தமிழ்செல்வன் இருக்கிறானா இல்லையா என்று அவருக்குத் தெரியாது.

கடைக்கு வெளியே வந்து திருப்பூருக்குப் போன் போட்டார். அவர் மனைவி ராஜாமணி மகளின் பிரசவத்துக்கு அங்கே போய் மாதக்கணக்கில் இருக்கிறாள். செய்தி கேட்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, அவர் கேட்ட கேள்வியில் அழுகையை நிறுத்தினாள்.

"உன் தங்கச்சி புருசன் இருக்காரா இல்லையான்னு என்னைய கேக்கறியா? ரோட்டுல போறவன் கேட்டா காறித் துப்புவான்யா. அந்தப் பையன்கிட்டயே கேளு."

"இன்னான்னு கேக்கறது? உங்கப்பன் உசுரோட இருக்காரான்னா?"

அவள் போனை வைத்துவிட்டாள். அன்பரசுதான் ஒரு வழி சொன்னான். பையனுக்குப் போன் போட்டு, அப்பாகிட்ட குடுப்பா என்று கேட்பது. இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் தெரிந்துவிடும். மணவாளன் யோசித்தார். இருந்தால் பேசவேண்டி வருமே என்றார்.

பேச்சு நின்று பத்து வருஷம் ஆகிறது. தங்கை மகள் கயல்விழி பெரியவளான சமயம். தாய்மாமன் போய்ப் பச்சை ஓலையில் குடிசை கட்டி, சீர்த்தட்டு வைத்து, மாலை போட வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இவர் ஊரைச் சுற்றி ரோடெல்லாம் ஆறு. தண்ணீர் வடிந்து, தட்டுகளோடு மறுநாள் போய் இறங்கினால், தூரத்துப் பங்காளி ஒருவனை மாமன் முறைக்கு நிறுத்தி எல்லாம் முடித்திருந்தார்கள். செந்தமிழ்செல்வன் கெட்டவன் இல்லை. "ஆத்துத் தண்ணி வடியற வரைக்கும் பொண்ணு குந்தியிருக்க முடியுமா மச்சான்?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மணவாளன் தட்டுகளை வைத்துவிட்டு, இலை போட்ட பந்தியில் உட்காராமல் திரும்பி வந்துவிட்டார். விருத்தாம்பாள் பஸ் நிறுத்தம் வரை பின்னால் நடந்து வந்தாள். சாப்பிடு என்று அவளும் சொல்லவில்லை, திரும்பிப் போ என்று அவரும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகவில்லை. அதற்கடுத்த பொங்கலில் அது பழக்கமாகிவிட்டது.

கடை வாசலில் நின்று அவர் ஒரு கணக்குப் போட்டார். செந்தமிழ்செல்வன் செத்திருந்தால் தாலி எடுக்குமுன் அவளுக்கு வெள்ளைக் கோடி போட அண்ணன் போயாக வேண்டும். பேச்சு இல்லாவிட்டாலும் அதற்குச் சொல்லி அனுப்பாமல் இருக்கமாட்டார்கள். வருத்தம் வேறு, இது வேறு.

"சொல்லல. அப்ப இருக்கான்" என்றார் அன்பரசுவிடம். "என்னைய தாண்டி அவளுக்கு யாரு போட முடியும்?"

"ரெண்டும் வாங்கி வச்சிக்குவமாண்ணே? ஒண்ணு பைக்குள்ள கெடக்கட்டும்."

"வெள்ளையக் கையில புடிச்சிக்கினு போயி, அவன் எதிர்ல வந்தா?"

கடைக்குள் போய்ச் சிவப்பு என்றார். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை. மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், எண்ணெய், சீயக்காய், மாலை எல்லாம் சேர்ந்து இரண்டு பை ஆயிற்று. அந்தச் சேலை சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இல்லை. சிவப்பு சரியென்றால், பத்து வருஷத்தில் அவரைத் தாண்டி அந்த வீட்டில் இன்னொரு தரம் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகும்.

விருத்தாசலம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட் கிடைத்தது. வழியில் அன்பரசுவுக்கு வேலை சொன்னார். பிறந்த வீட்டு ஜனம் என்று ஒற்றை ஆள் போய் நிற்க முடியாது. அவனும் பங்காளியாக வரவேண்டும்.

"என்னா பேரு சொல்றது? அன்பரசுன்னே சொல்லலாம், எந்தச் சாமின்னு தெரியாது" என்றான் அவன். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைச் சட்டைக்குள் தள்ளி மேல் பட்டனையும் போட்டான். "அழுவணுமாண்ணே?"

"வந்தா அழுவு."

புவனகிரி தாண்டி, சேத்தியாத்தோப்பில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. மணவாளனின் வலது கால் தானாகத் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது. தன் மாவட்டத்தைப் பயணியாக உட்கார்ந்து பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அறுத்த நெல் வயல்கள் மெல்ல முடிந்து, செம்மண் தெரிந்து, முந்திரித் தோப்புகள் வந்தன. விருத்தாசலத்தில் வேறு பஸ் மாறினார்கள். பெண்ணாடம் தாண்டியதும் ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள், ஓரத்தில் கல் அடுக்கி. மணவாளனின் ரோட்டில் அது நெல்லாக இருக்கும். கல்லை எடுக்காமல் போய்விடுவார்கள், இருட்டில் பைக்கில் வருகிறவன் ஏற்றி விழுவான் என்று அவர் சொன்னார். சாவுச் செய்தி வந்ததிலிருந்து அவர் தானாகப் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

திட்டக்குடியில் எழிலன் பைக்கோடு நின்றிருந்தான். மீசை வைத்த ஆளாக, தகப்பன் ஜாடையில். மணவாளன் அவன் முகத்தையே பார்த்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெள்ளாற்றுப் பக்கம் உள்ளே போனால் அவர்கள் ஊர். இருவரையும் தெருமுனைப் புங்கமரத்தடியில், மேளக்காரர்கள் பக்கத்தில் இறக்கிவிட்டு, வீட்டில் வேலைக்கு ஆள் இல்லை மாமா, நீங்க வந்துடுங்க என்று எழிலன் முன்னால் போய்விட்டான்.

அன்பரசு தட்டு அடுக்கினான். சேலையை மேலே விரித்து வைத்து, மஞ்சளும் குங்குமமும் வளையலும் பக்கத்தில் வைத்தான். மணவாளன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினார். மேளம் எழுந்தது. தெருவில் ஜனம் ஒதுங்கி நின்றது. தட்டைப் பார்த்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் முழங்கையை இடித்தாள். ஒரு கிழவர் பீடியைக் கீழே போட்டார். அன்பரசு அதைக் கவனித்தான். மணவாளன் கவனிக்கவில்லை. பந்தலில் போட்ட நாற்காலிகளில் செந்தமிழ்செல்வன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று தேடிக்கொண்டே நடந்தார். அவனிடம் சொல்ல ஒரே ஒரு வார்த்தை வைத்திருந்தார். மச்சான். அதற்கு மேல் தேவைப்படாது என்று நினைத்தார்.

நாற்காலிகளில் அவன் இல்லை. மணவாளன் கண்ணாடிப் பெட்டியருகே வந்தார். விருத்தாம்பாள் இளைத்துப்போயிருந்தாள். நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது. பொட்டு இல்லை.

மேளம் தானாக நின்றது.

செந்தமிழ்செல்வனின் அக்கா பவானிதான் எழுந்து வந்தாள். குரல் உயரவில்லை. "இன்னாய்யா, பொறந்த வூட்டுக் கோடி செவப்பா எடுத்தாந்திருக்க? எந்தம்பி போயி மூணு வருசமாவுது."

அண்ணே, திட்டக்குடி ஓடி வெள்ளை வாங்கியாந்துடறேன் என்று அன்பரசு காதருகே சொன்னான். மணவாளனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. தட்டோடு நின்றார். பந்தலில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவமானமாக இருக்கும் என்று நினைத்தார், அதுவும் வரவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று தெரியவில்லை. எழிலன் தலை குனிந்துகொண்டான்.

பெட்டியோரம் உட்கார்ந்திருந்த கயல்விழி எழுந்தாள். கடலூரில் ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறாள் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவர் பார்த்தது, ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்த பெண் இவ்வளவு உயரமாகிவிட்டாளே என்பதைத்தான். எழிலன் அவரை நீங்க என்றான். இவள் நீ என்றாள்.

"அம்மாதான் வேணாம்னிச்சி மாமா. அப்பா போனன்னிக்கு எழிலன் உனக்குப் போட்றதுக்குப் போன எடுத்தான். அம்மா புடுங்கி மடியில வச்சிகிச்சி. எங்கண்ணன் வந்தா அந்தக் கோடிய அவன்தான் போட்டாவணும். கல்யாணத்துக்குக் கூறப்பொடவ எடுத்த கை. அந்தக் கையால எனக்கு இது வேணாம்னிச்சி."

மணவாளன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரு போட்டது?"

"யாரும் போடல. பங்காளி ஒருத்தரு எடுத்தாந்தாரு. அம்மா கையத் தட்டி விட்டுடுச்சி."

ஊர் முழுக்கச் சிரித்தது, எங்க தலையெல்லாம் கவுந்துது என்றாள் பவானி. அவள் பேச்சிலும் இப்போது கோபம் இல்லை; நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரண்டு மாதம் பழைய சேலையோடு மூலையில் கிடந்தவள், பிறகு ஒரு நாள் எழுந்து நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாளாம். கேட்டவர்களுக்கு, எங்கண்ணன் இன்னும் வரல, வந்தப்புறம் பாக்கலாம் என்று பதில் சொன்னாளாம்.

"வந்துட்டாருல்ல" என்றாள் கயல்விழி. "போத்தட்டும் அத்தை."

"செவப்பையா? நான் இன்னா ஆசப்பட்டா வேணாங்கறேன்? வழக்கம் இல்லடி. புருசன் போனவளுக்குச் செவப்பு போத்தி அனுப்புனா நாளைக்கு உன்னைய எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"மூணு வருசமா வெள்ளயக் கட்டாதவளுக்கு இப்பக் கட்டி வுடறியா?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, சுடுகாட்டுக்கு ஆள் போய்க் காத்திருந்தது. பவானி கை நீட்டித் தட்டைப் பிடித்தாள். "குடுய்யா. குளிப்பாட்டணும்."

அவர் கை ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி இறுகியிருந்தது. பவானி இழுத்தும் தட்டு வரவில்லை. அன்பரசு பக்கத்தில் வந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். பவானி குங்குமத்தையும் வளையலையும் பொறுக்கி அன்பரசு கையில் திணித்தாள். சேலையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

பெண்கள் நாலு பக்கமும் பழம்புடவை பிடித்து மறைத்துக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவில் தணிந்த குரலில் வாக்குவாதம், அதற்குப் பின் யாரோ மூக்கு உறிஞ்சுவது. மணவாளன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்பரசு அழுதுகொண்டிருந்தான், நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. யாரு அது, பொறந்த வூட்டுல இவ்ளோ பாசமா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். தம்பி முறை என்று மணவாளன் சொன்னார்.

மறைப்பை எடுத்தபோது விருத்தாம்பாள் வெள்ளைச் சேலையில் இருந்தாள், புகுந்த வீட்டார் எடுத்தது. மேலே மாலைகள். மணவாளன் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். அவரை வாய்க்கரிசி போடச் சொன்னார்கள், போட்டார். சுற்றி வரச் சொன்னார்கள், வந்தார்.

பாடையைத் தூக்கும்போது கால்மாட்டில் வெள்ளை சற்றே விலகியது. உள்ளே கணுக்கால் அருகில் அரக்குச் சிவப்பும் பச்சைக் கரையும் தெரிந்தன. கட்டிவிட்டிருந்தார்கள், அதன் மேல்தான் வெள்ளை. பவானி குனிந்து அதை உள்ளே தள்ளினாள். கரையை மட்டும் தள்ளாமல் விட்டுவிட்டாள். நிமிர்ந்தபோது மணவாளனைப் பார்த்தாள். பிறகு, தூக்குங்கப்பா, நேரமாவுது என்று ஆம்பிளைகளை அதட்டினாள்.

சுடுகாடு வரை அவர் கால்மாட்டிலேயே தோள் கொடுத்து நடந்தார். கரை அவர் கண்ணுக்கு நேரே அசைந்துகொண்டு வந்தது. இப்போதாவது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். நிறம் மட்டும் தெரிந்தது.

மோட்டார் கொட்டகையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தபோது, கயல்விழி வாசலைக் கழுவிவிட்டுக் குடத்தோடு நின்றாள்.

"இப்பவும் சாப்புடாமத்தான் போறியா மாமா?"

"சாவு வூட்டுல ஒலை ஏத்தலியேம்மா."

"இன்னிக்கி இல்ல. காரியத்துக்கு வந்து சாப்புடு."

அவர் ம் என்றார்.

விருத்தாசலத்தில் சிதம்பரம் வண்டி காலியாக இருந்தது. மணவாளன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அன்பரசுவின் சட்டைப் பையில் வளையல்கள் கலகலத்தன. அதை எங்கே போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை; ஜான்சிக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு வந்தான். மேல் பட்டனைக் கழற்றிச் சிலுவையை வெளியே எடுத்துவிட்டிருந்தான்.

"நல்லாத்தாண்ணே இருந்துச்சி, செவப்பு" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

மணவாளன் இருட்டில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்காச்சோளம் இருந்த இடங்களுக்குப் பின் இப்போது முந்திரி, அதற்குப் பின் கரும்பு, இனி வயல் வரும். அவர் வலது கால் தரையில் அசையாமல் இருந்தது.

"காரியத்தன்னிக்கு வண்டிக்கு வேற ஆள் பாக்கச் சொல்லணும்" என்றார். "நீயும் வரணும்."

"நான் எதுக்குண்ணே?"

"பங்காளின்னு சொல்லியாச்சி இல்ல."